திருகை இறுக்கிப் பிடித்திருப்பது எது?

மரத்தில் ஆழப் பதிந்த ஆணியை விரல்களால் பிடுங்க முடியாது. சுத்தியலின் பிளவுபட்ட முனையை ஆணித் தலைக்கு அடியில் கொடுத்துப் பிடியை இழுத்தால் வந்துவிடுகிறது. சுத்தியல் மரத்தில் ஊன்றி நிற்கும் இடம்தான் ஆதாரப்புள்ளி. அங்கிருந்து ஆணி 3 செ.மீ., கை 30 செ.மீ. தள்ளி இருந்தால், கையின் விசை ஆணியிடம் பத்து மடங்காகப் போய்ச் சேரும். ஆனால் ஆணி 1 செ.மீ. எழும்ப, கை 10 செ.மீ. நகர வேண்டும். விசையில் பெற்றதைத் தொலைவில் கொடுத்துவிடுகிறோம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, ஆப்பு, திருகு என்ற ஐந்தை எளிய இயந்திரங்களாக விளக்கினார். எல்லாவற்றிலும் நடப்பது இதே பண்டமாற்றுதான். தகரம் வெட்டும் கத்தரிக்குக் கைப்பிடி நீளம், வாய் குட்டை; காகிதக் கத்தரிக்கு நேர்மாறு. முள் எடுக்கும் சிறு இடுக்கியில் விசையை இழந்து, நுட்பமான பிடியைப் பெறுகிறோம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது திருகு. ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளம் அது. 8 மி.மீ. விட்டமுள்ள வழக்கமான போல்ட்டில், நட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. மட்டுமே முன்னேறும். அதே சுற்றில் 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியைப் பிடித்த கை ஏறத்தாழ 1,257 மி.மீ. சுற்றி வருகிறது. கணக்குப்படி விசை ஆயிரம் மடங்கு பெருக வேண்டும். நடைமுறையில் கிடைப்பது நூறு மடங்கை ஒட்டித்தான். கொடுத்த உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றுவிடுகிறது.

இதை வெறும் இழப்பு என்று சொல்லிக் கடந்துபோவது பெரிய அநியாயம். இறுக்கப்பட்ட போல்ட் சற்றே நீண்டு, சுருங்கத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுவிசை புரியின், அதாவது உருளையைச் சுற்றி ஏறும் அந்த வரியின், சரிவில் நட்டைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நூறு பங்கு உழைப்பில் பத்துப் பங்குதான் அந்த நீட்சியில் சேமிப்பாகியிருக்கிறது. தானாக அவிழ வேண்டுமானால் ஏறக்குறைய அதே தொண்ணூறு பங்கு உராய்வை மறுபடியும் கடக்க வேண்டும். பத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறை எப்படிக் கடப்பது? அதனால் நட் அசையாமல் நிற்கிறது. பாதிக்கு மேல் உராய்வுக்குப் பறிகொடுக்கும் திருகுதான் இப்படித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

ஆப்புக்கும் இதே நியாயம். மெல்லிய ஆப்பு அடித்த இடத்திலேயே நிற்கும். பருத்தது பிதுங்கி வெளியே வரும். சுத்தியலின் மரப்பிடி தலையிலிருந்து கழன்றுவிடாமல் காப்பதும் அதன் மேல்முனையில் அறைந்த சிறு ஆப்புதான்.

அப்படியானால் ஓடும் வண்டிகளில் நட்டுகள் ஏன் தளர்கின்றன? 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்கு விடை சொன்னார். போல்ட்டுக்குக் குறுக்கே வரும் அதிர்வுதான் பெரும் எதிரி. தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகள் பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில், சுழற்சியைத் தடுக்க உராய்வு மிச்சமிருப்பதில்லை. நட் மயிரிழை அளவு பின்வாங்குகிறது. அடுத்த அதிர்வில் இன்னும் சிறிது.

புரியில் எண்ணெய் பூசும்போதும் இதை நினைவில் கொள்ள வேண்டும். உராய்வு குறைந்துவிட்டதால், வழக்கமான அதே கைவிசை போல்ட்டை மிக அதிகமாக இழுக்கும். அது அறுந்துகூடப் போகலாம்.