மலைக்குடிலில் இரவில் நின்று நின்று வரும் மூச்சு

"குடிலில் பக்கத்தில் படுத்திருந்தவருக்குப் பத்து நொடி மூச்சே இல்லை. எழுப்பப் போவதற்குள் பெருமூச்சோடு மறுபடி விட ஆரம்பித்துவிட்டார். இது ஆபத்தா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குடில் குடிலாகத் தங்கிப் பல நாள் மலையேறுபவர்கள் பலரும் பார்த்துப் பயப்படுவது இது.

உயரத்தில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டரில் அது கடல்மட்ட அளவில் ஏறத்தாழ 65 சதவீதம்; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும்.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வேகமாக மூச்சுவிடச் சொல்லி மூளையை விரட்டுவது அதன் வேலை. மூளைத்தண்டில் உள்ள உணரிக்கோ கரியமில வாயுதான் கணக்கு. வேகமாக விட்டால் அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறும். விழித்திருக்கும்வரை பேச்சும் நடையும் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும். தூங்கியதும் அந்த உந்துதல் போய்விடும். கரியமில வாயு ஒரு வரம்புக்குக் கீழே இறங்க, மூச்சு நின்றுவிடும். நின்ற நொடிகளில் வாயு சேரும், ஆக்சிஜன் சரியும், கழுத்து உறுப்பு கதறும். ஆழமாகச் சில மூச்சுகள், வாயு மறுபடி காலி, மறுபடி நிறுத்தம்.

இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் தாமதம். நுரையீரலில் மாறிய ரத்தம் உணரிகளை எட்டச் சில நொடிகள் ஆகும். சூடு தாமதமாக வரும் வெந்நீர்க் குழாயை மேலும் மேலும் திருகிவிட்டு, கொதிநீர் கொட்டியதும் பதறி மூடுவோமே, அதேதான்!

ஆல்ப்ஸ் தொடரின் மோன்டே ரோசா மலையில் 4,554 மீட்டரில் இருக்கும் மார்கெரீட்டா குடிலில் 1894இல் இத்தாலிய உடலியலாளர் ஆஞ்செலோ மோஸ்ஸோ இதை ஆராய்ந்தார். இதயம் தளர்ந்த நோயாளிகள் சிலருக்குத் தூக்கத்தில் வருவதும் இதே மாதிரிச் சுழற்சிதான். அதனால், மலை ஆய்வுக்குத் தரும் பணம் மலையேறிகளுக்கு மட்டுமான சலுகை அல்ல என்பேன்.

உடலை உயரத்துக்குப் பழக்கப்படுத்துவது சிறுநீரகம். கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடிப்போன ரத்தத்திலிருந்து பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சில நாட்களில் வெளியேற்றி, மூச்சின் மீதிருந்த தடையைத் தளர்த்துகிறது. முதல் நாட்களில் அடிக்கடி சிறுநீர் போவது அதனால்தான்; அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். அசிட்டசோலமைடு மாத்திரை இதே வேலையைத் துரிதப்படுத்துகிறது. மருத்துவர் சொன்னால், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து வழக்கமாக 125 மில்லிகிராம், இருவேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், நம்பி ஏறாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கொரு ஓய்வு நாள் வேண்டும். இங்கேதான் திட்டம் தவறுகிறது. கடக்கும் கணவாயின் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், படுக்கும் குடிலின் உயரத்தை விட்டுவிடுகிறார்கள். அடுத்த குடில் 800 மீட்டர் மேலே என்றால், கீழ்க்குடிலில் இரண்டு இரவு தங்குங்கள்.

தூக்கத்தில் சில நொடி நின்று வரும் மூச்சு, காலையில் ஆள் தெளிவாக இருந்தால், பயப்பட வேண்டியதல்ல. தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கும்போது தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணையோடு உடனே கீழே இறக்குங்கள்.