80 டிகிரிச் சூட்டில் ஒரு சிவப்பு வைன்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஷாட்டோநெஃப்-டு-பாப் பகுதியில் போகாஸ்டெல் என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1549இல் பியர் டு போகாஸ்டெல் என்பவர் அங்கே நிலம் வாங்கினார். இப்போது பெரான் குடும்பத்துக்குச் சொந்தமான அந்தத் தோட்டம், செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் பெருகிவந்த 1950களிலேயே இயற்கை வேளாண்மைக்கு மாறிவிட்டது. இதற்கு மன உறுதி மட்டும் போதாது. ஊரின் காற்றும் ஒத்துழைக்க வேண்டும்.

திராட்சையைப் படுத்தும் நோய்களில் அடிச்சாம்பல் நோய் பெரியது. அதன் நுண்வித்துகள் இலைமேல் படிந்த நீர்ப்படலத்தில் நீந்தித்தான் இலைத்துளைகளுக்குள் நுழையும். ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து வேகமாக வீசும் மிஸ்ட்ரல் என்ற வறண்ட காற்று, மழை விட்டதும் இலைகளை உலர்த்திவிடுகிறது. வித்துகளுக்கு நீந்த நீர் கிடைப்பதில்லை. ஈரமான ஊர்களில் இதே முறையைப் பின்பற்றுவோர் படும் பாடு வேறு.

இயற்கை வேளாண்மை என்றால் எதையுமே தெளிக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மயில்துத்தமும் (செம்பு சல்ஃபேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்கு அனுமதி உண்டு. அதிலுள்ள செம்பு சிதைவதில்லை. மண்ணில் சேர்ந்துகொண்டே போய் மண்புழுக்களைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்பு என்று வரம்பு கட்டியிருக்கிறது. 1974இல் இத்தோட்டம், இயற்கை வேளாண்மையோடு சில சடங்குகளையும் சேர்த்த உயிராற்றல் வேளாண்மைக்கும் (பயோடைனமிக்) போனது. பசுக்கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைக்கும் அதன் சடங்குகளுக்கு வலுவான அறிவியல் சான்று கிடையாது. மட்கு உரத்தால் மண்ணுக்குக் கிடைக்கும் பலன் உண்மையானது.

என்னைக் கவர்ந்தது அறுவடைக்குப் பிறகு நடப்பது. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சதையில் நிறமே இல்லை. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் தோலில்தான் இருக்கிறது. பழத்தைப் பிழிந்தவுடன் ஒரு நொதி விழித்துக்கொண்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு நிறப்பொருட்களைப் பழுப்பாக்குகிறது. நறுக்கிய ஆப்பிள் கறுப்பதும் இப்படித்தான். இதைத் தடுக்க வைன் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கந்தக டை ஆக்சைடைச் சேர்ப்பார்கள்.

போகாஸ்டெல் தோட்டத்தின் ஜாக் பெரான் வேறு வழியில் போனார். காம்பு நீக்கிய திராட்சையின் தோலைக் குறுகிய நேரத்துக்கு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உடனே குளிர்வித்தார். நொதி ஒரு புரதம். அந்தச் சூட்டில் அதன் மடிப்புகள் குலைந்து செயலிழந்துவிடும். கூடவே தோலின் செல்சுவர்கள் தளர்ந்து நிறம் எளிதாக வெளியேறுகிறது. சூடு தோலோடு நின்றுவிடுவதால் உள்ளே இருக்கும் சாறு வேகாது. வெந்திருந்தால் பழத்தின் மணம் ஜாம் வாசனையாக மாறியிருக்கும். ஒரே வேலையில் நிறமும் கிடைத்தது, கந்தகமும் குறைந்தது. மருந்தைக் குறைக்க வேண்டுமானால் அதன் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும் என்பதை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

கந்தகத்தை முழுவதுமாக ஒழிப்பது மட்டும் எவராலும் ஆகாத காரியம். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிதளவு உற்பத்தி செய்துவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால், அது எங்கிருந்து வந்திருந்தாலும், ஐரோப்பாவில் சல்ஃபைட் (கந்தகச் சேர்மம்) இருப்பதைப் பாட்டிலின் லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும்.