விலங்கு பொறித்த தங்க நாணயம்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உதகையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கும் என்னிடம், வெளிநாட்டில் வேலைபார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தந்த கங்காரு, பாண்டா, மான் உருவம் பொறித்த தங்க நாணயங்களைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பெரியவர்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கொடுத்த பணத்தில் தங்கத்திற்கு எவ்வளவு, உருவத்திற்கும் பெட்டிக்கும் எவ்வளவு என்று பலருக்கும் தெரிவதில்லை.

தென்னாப்பிரிக்கா 1967 முதல் வெளியிடும் க்ரூகராண்டில் ஸ்பிரிங்பாக் மான் இருக்கும். ஒரு அவுன்ஸ் (தங்கக் கணக்கில் 31.1 கிராம்) நாணயம் தராசில் 33.93 கிராம் காட்டும். அது 22 காரட் என்பதால் சுத்தத் தங்கம் 31.1 கிராம்தான், மீதி செம்பு. அந்தச் செம்பினால் வரும் சிவந்த நிறத்தைப் பார்த்துப் போலியோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு, முழு எடைக்கும் 24 காரட் விலையை எதிர்பார்க்கிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கங்காரு 999.9 தரத்தில் (24 காரட்) 31.1 கிராம், அதாவது நான்கு சவரனுக்குச் சற்றுக் குறைவு. 1982-இல் தொடங்கிய சீனப் பாண்டா, 2016 முதல் அவுன்ஸுக்குப் பதிலாக 30 கிராமில் வருவதால், அதற்கு முந்தைய நாணயத்தைவிட ஒரு கிராமுக்கு மேல் தங்கம் குறைவு.

பாண்டாவின் உருவம் அநேகமாக ஆண்டுதோறும் மாறும். பழைய ஆண்டுகளைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். ஆனால் அவர்கள் நம் கடைவீதியில் இல்லை. இங்கே நகைக்கடையில் விற்றால் தங்கத்தின் எடைக்கும் தரத்திற்கும் மட்டுமே பணம் கிடைக்கும் என்பதால், முதலீட்டுக்காக வாங்குகிறவர் அன்றைய தங்க விலைக்கு மிக நெருக்கமான நாணயத்தையே கேட்டு வாங்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, எண்ணிட்ட சான்றிதழுடன் வருபவை, சேகரிப்பில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்கே பொருந்தும்.

சோதனைக்கு வரும் நாணயத்தை நான் உரைகல்லில் உரைப்பதில்லை, ஏனெனில் ஒரு கீறல் விழுந்தாலே சேகரிப்பு மதிப்பு போய்விடும். எடை, விட்டம், தடிமன் மூன்றையும் வெளியிட்ட நாணயச்சாலையின் அளவுகளோடு ஒப்பிட்டு, பிறகு நீரில் எடைபோட்டு அடர்த்தி பார்க்கிறேன். சுத்தத் தங்கத்திற்கு 19.3 வர வேண்டும். க்ரூகராண்டுக்கு 17-க்குச் சற்று மேலே வரும். போலி நாணயத்தின் உள்ளே வைத்து ஏமாற்றப் பயன்படும் டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தியும் ஏறத்தாழ 19.3 என்பதாலும், எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிப்பதாலும், 24 காரட் நாணயத்தில் ஐயம் இருந்தால் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) சோதனைக்கு அனுப்பச் சொல்கிறேன்.

மனதை வருத்துவது இன்னொன்று. ஆசையாக வாங்கியதைப் பத்தரிடம் கொடுத்து, வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் டாலராகக் கோத்துவிடுகிறார்கள். பற்றவைத்த இடத்தில் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) சேர்ந்து தரமும் குறைகிறது, நாணயம் என்ற மதிப்பும் போகிறது. அணிவதற்கென்றால் நகையாகவே வாங்குங்கள். நாணயத்தை அதன் உறையிலிருந்து எடுக்காமல், ரசீதையும் சான்றிதழையும் அதனுடனேயே வையுங்கள். எடுக்க நேர்ந்தால் விளிம்பை மட்டும் பிடித்து, துணியால் தேய்க்காமல் திரும்ப வையுங்கள்.