வெளியே ஆறினாலும் உள்ளே ஆறாது: ஸ்டீம் கிளீனர் வைத்திருப்பவர்களுக்கு

ஹட்டனில் மின்சாதனங்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அயர்னும் ரைஸ் குக்கரும்தான் அதிகம் வரும். இப்போது, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியைப் பீய்ச்சி அழுக்கு நீக்கும் ஸ்டீம் கிளீனரும் வருகிறது. குவைத், கட்டார் போய்த் திரும்பும் அக்காமார் கொண்டுவருகிறார்கள். நுவரெலியாப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்கள் ஏப்ரல் சீசனுக்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் ஊருக்கு நல்ல சாமான்தான்.

போன மழைக்காலத்தில் ஓர் அக்கா கையில் கட்டுடன் கடைக்கு வந்தார். "தம்பி, சுவிட்சை நிப்பாட்டி, தொட்டுப் பார்த்துட்டுத்தான் மூடியைத் திறந்தேன். சில்லுன்னுதானே இருந்துச்சு" என்றார்.

எங்கள் குளிரில் மெஷினின் பிளாஸ்டிக் உடம்பு சீக்கிரம் ஆறிவிடும், உள்ளே தண்ணீர் சூடாகும் தொட்டியான பொயிலர் ஆறாது. அழுத்தத்தில் ஓடும் மெஷினில் தண்ணீர் 130 பாகைக்கு மேலேயும் சூடாகும். மூடி இறுகியிருக்கும் வரை அது தண்ணீராகவே அடங்கிக் கிடக்கும். திறந்தால் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். அதோடு, கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் ஹட்டனில் சுமார் 96 பாகையிலும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதித்துவிடுகிறது. ஆகவே இங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆறவிட வேண்டும்.

முதலில் ப்ளக்கைக் கழற்றுங்கள். கைப்பிடி விசையை அழுத்தி, ஆவி முழுக்க நிற்கும் வரை வெளியேற்றுங்கள். அப்புறம் குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள். மூடி திருக வராமல் இறுகி நின்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, பலத்தைக் காட்டாதீர்கள். மூடியில் ஆவி கசிகிறது என்று குக்கர் வாஷரை வெட்டிப் போட்ட ஒரு மெஷினும் என்னிடம் வந்தது. அந்த மெஷினுக்குரிய வாஷரைத்தான் போட வேண்டும். அழுத்தம் கூடினால் ஆவியை வெளியே விடும் சேப்டி வால்வில் கசிந்தால் எதையும் வைத்து அடைக்காமல் திருத்தக் கொடுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் போல எங்கள் பீலித் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு இருக்காது. ஆனால் மழை பிடித்தால் மண் கலந்து வரும். நான் திறக்கும் மெஷின்களில் கல்போன்ற வெள்ளைப் படிவத்தைவிடச் செம்மண் சேறுதான் அதிகம். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து ஊற்றினால் போதும். வேலை முடிந்து ஆறியதும் மிச்சத்தைக் கொட்டி, சுத்தமான தண்ணீரால் அலசி, மூடியைத் திறந்தே காயவிடுங்கள். துடைக்கும் துணியையும் ஈரத்தோடு மாட்டி வைக்காதீர்கள், இரண்டே நாளில் அதிலேயே பூஞ்சணம் வந்துவிடும்.

வெள்ளைப் படிவம் தெரிந்தால், மெஷினோடு வந்த புத்தகம் அனுமதித்தால் மட்டும், குளிர்ந்த பொயிலரில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் கரண்ட் கொடுக்கக் கூடாது. சில பொயிலர்கள் அலுமினியம் என்பதால் இரவு முழுக்க விட்டால் அமிலம் அரித்துவிடும். பிறகு மூன்று நான்கு தடவை அலசுங்கள். தேசிக்காய்ச் சாறும் தேங்காய் வினாகிரியும் வேண்டாம். அவற்றிலுள்ள சக்கையும் மண்டியும் கருகி, ஆவி வரும் நொசிலை அடைக்கும்.

மெத்தை வாசத்துக்கென்று யூக்கலிப்டஸ் தைலம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பற்றும் எண்ணெய். மெஷினை ஓட்டும்போது தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள், தயவுசெய்து.

அந்த அக்காவின் மெஷினுக்கு வாஷர் மாற்றியபோது ப்ளக்கையும் கழற்றிப் பார்த்தேன். 1500 வொட் மெஷின், 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். வெளிநாட்டுச் சதுரக் கால் ப்ளக்கை வெட்டிவிட்டு, லயத்து வீட்டில் இருந்த 5 அம்பியர் ப்ளக்பேஸுக்குப் பொருந்தும் சின்ன ப்ளக்கை யாரோ போட்டிருந்தார்கள். எர்த் வயர் எதிலும் சேராமல் தொங்கியது. தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் சாமானுக்கு எர்த் இல்லை. 13 அம்பியர் ப்ளக் போட்டு எர்த்தை இணைத்தேன். வீட்டில் அதற்கான ப்ளக்பேஸும், கரண்ட் கசிந்தால் தானே நிப்பாட்டும் ட்ரிப் சுவிட்சும் போட்டு, எர்த் சரியா என்று பார்த்த பிறகு மெஷினை எடுத்துப் போகும்படி சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்து எடுத்துக்கொண்டார்.