காயில் அழகுதான் தம்பி, ஸ்க்ரூ எப்படி இருக்கிறது?

மலேசியாவின் கிள்ளானில் கைப்பேசி, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் வேப் (மின்சிகரெட்) விற்பதில்லை, இழுப்பதும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன் என்று பெயர் எடுத்தாகிவிட்டது. அதனால் கடந்த சில வருஷமாக வேப் மோடுகளும், அதாவது பேட்டரியும் பட்டனும் உள்ள வேப் கருவிகளும், என் மேசைக்கு வருகின்றன. கடையில் வாங்கி அப்படியே இழுக்கும் ரகம் வராது, அது கெட்டால் குப்பைத்தொட்டிதான். வருவதெல்லாம் காயிலை (சூடேறும் கம்பிச்சுருளை) கையால் சுற்றி, பஞ்சு வைத்து, ஸ்க்ரூ முறுக்கித் தாங்களே கட்டிக்கொள்ளும் RDA, RTA என்று சொல்கிறார்களே, அந்த ரக அட்டமைசர்கள். ஜூஸ் எனப்படும் வேப் திரவத்தை ஆவியாக்கும் மேல்பகுதிதான் அட்டமைசர்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். வேலை முடிந்து நேரே வந்திருப்பான் போல, சட்டையில் பெயர்ப்பட்டை இருந்தது.

"அண்ணே, ஓம் குதிக்குது. 0.4 காட்டும், திடீர்னு 0.8 ஆயிடும், மறுபடி 0.4. மோடு போயிடுச்சா?"

ஓம் என்று அவன் சொன்னது மோடின் திரையில் தெரியும் காயிலின் மின்தடை அளவு. மேல்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். உள்ளே இரண்டு காயில். ஆறாறு சுற்று, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. பத்தர் வேலை மாதிரி. பாராட்டிவிட்டுத்தான் கீழே பார்த்தேன். நாலு ஸ்க்ரூவில் ஒன்றின் அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகியிருந்தது. அதன் அடியில் கம்பியின் கால் பாதிதான் மாட்டியிருந்தது, மீதிப் பாதி பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நின்றது. இன்னொரு பக்கம் வெட்டிவிட்ட கம்பி முனை ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு, மூடி வந்து உட்காரும் இடத்தை எட்டிப் பார்த்தது. பாசிட்டிவ் போஸ்டுக்கு (கம்பியின் காலைப் பிடித்திருக்கும் தூணுக்கு) அடியில் இருக்கும் இன்சுலேட்டர், தோசை ஓரம் மாதிரி பழுப்பேறியிருந்தது.

மோடுக்கு ஒன்றும் இல்லை. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கணக்கு சின்னதுதான். 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள காந்தால் கம்பியை 3 மில்லிமீட்டர் கம்பியின் மேல் ஆறு சுற்றுச் சுற்றினால், கால்களையும் சேர்த்து ஏறக்குறைய 0.8 ஓம் வரும். அப்படி இரண்டு காயில் பக்கம் பக்கமாக இருந்தால் பாதி, அதாவது 0.4. ஒரு ஸ்க்ரூ பிடியை விட்டால் ஒரு காயில் கழன்றுகொள்ளும், மீட்டரில் 0.8 வரும். தம்பி 50 வாட்டில் வைத்திருந்தான். இரண்டும் வேலை செய்யும்போது ஆளுக்கு 25 வாட். ஒன்று கழன்றதும் மோடு என்ன செய்யும்? "50 கேட்டார், 50 கொடுப்போம்" என்று வோல்ட்டை ஏற்றி அத்தனையையும் மிச்சமிருக்கும் ஒரே காயிலில் கொட்டும். பஞ்சு கருகாமல் என்ன செய்யும்? "அடிக்கடி காந்தல் வாடை வருதுண்ணே, ஜூஸ் சரியில்லையோன்னு மாத்திக்கிட்டே இருக்கேன்" என்றான். ஜூஸுக்கு எவ்வளவு செலவழித்தான் என்று நான் கேட்கவில்லை.

(காந்தால் என்பது ஸ்வீடனின் ஹால்ஸ்டாஹம்மாரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோவ் உருவாக்கிய இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. நம் மொழியில் அந்தப் பெயரைச் சொன்னாலே அடிப்பிடித்த சோற்று வாடை அடிப்பது தற்செயல்தான்.)

வேப் கட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் பேசுவதெல்லாம் காயிலைப் பற்றி. எத்தனை சுற்று, எந்தக் கம்பி, பின்னல் போட்டதா, முறுக்கியதா என்று. நான் பார்த்தவரை கோளாறு காயிலில் இருப்பது அபூர்வம். அது மூட்டில் இருக்கிறது. மின்சார வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வீட்டில் பிளக் பாயிண்ட் கருகுகிறதே, ஒயரின் நடுவிலா கருகுகிறது? ஸ்க்ரூ முறுக்கிய இடத்தில்தானே. அட்டமைசரிலும் அதே கதை, சாமான் மட்டும் சின்னது. பத்து ஆம்பியர் ஓடும் இடத்தில் மூட்டு தளர்ந்து 0.1 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், அங்கே மட்டும் 10 வாட் சூடு பிறக்கும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஸ்க்ரூவுக்குள் செருகிவைத்த மாதிரி. அந்தச் சூட்டில்தான் இன்சுலேட்டர் பழுப்பாகிறது. பிறகு இளகுகிறது. இளகினால் போஸ்ட் ஆடும், ஆடினால் ஒரு நாள் டெக்கை, அதாவது காயில் உட்காரும் அடித்தட்டை, தொடும். அன்றைக்கு ஷார்ட்.

சரி, ஸ்க்ரூவுக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

இந்த டெக்குகளில் பெரும்பாலும் தலையில்லாத ஸ்க்ரூக்கள் இருக்கும். எம்2.5 என்றால் 1.3 மில்லிமீட்டர் ஆலன் கீ, எம்3 என்றால் 1.5. பெட்டியோடு இலவசமாக ஒரு கீ வரும். இரும்பு மாதிரி தெரியும், ஆனால் நாலு தடவை முறுக்கினால் முனை மழுங்கிவிடும். மழுங்கிய கீயை வைத்து அழுத்தினால் ஸ்க்ரூவின் குழியும் தேயும். பிறகு முறுக்கினோம் என்ற உணர்வு கைக்கு வரும், ஸ்க்ரூ திரும்பியிருக்காது. தம்பியின் ஸ்க்ரூவுக்கு நேர்ந்தது அதுதான். நல்ல எஃகில் செய்த, பிடியுள்ள ஆலன் திருப்புளி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரு வாரத்து ஜூஸ் காசு ஆகாது. பிளஸ் தலை ஸ்க்ரூ என்றால் முனை அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிய ஸ்க்ரூவுக்குச் சின்ன முனை போட்டால் தலை நாசம்.

ஸ்க்ரூவைக் குழியில் வைத்ததும் வலது பக்கம் திருகாதீர்கள். முதலில் இடது பக்கம், அதாவது கழற்றும் பக்கம், மெதுவாக ஒரு சுற்று திருப்புங்கள். எங்கேயோ ஓரிடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். விரல் நுனியில் தெரியும். மரையும் மரையும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து வலது பக்கம் திருப்பினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். இப்படிச் செய்யாமல் கோணலாக ஏற்றி பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பித்தளைப் போஸ்டில் மரை போனால் அந்த டெக்கை மறந்துவிடலாம். மரை கழன்றவன் என்று மனிதனைச் சொல்கிறோம், கழற்றியவனையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? திருப்புளியைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிக்கட்டும். உள்ளங்கை வந்துவிட்டால் அதிகம். மெல்லிய கம்பியை அதிகம் இறுக்கினால் ஸ்க்ரூவின் விளிம்பே கம்பியை அறுத்துவிடும். அறுந்த மாதிரி வெளியே தெரியாது, தொட்டுக்கொண்டுதான் நிற்கும். முதல் தடவை சிவக்கச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய கம்பிக்குக் கீழே பெரும்பாலும் கால் சுற்று இடம் கிடைக்கும்.

விழுந்த ஸ்க்ரூவைத் தேடக் காந்தம் வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்டெயின்லெஸ் 304 காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது, பித்தளை அறவே மசியாது. நான் செய்வது இது: ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதற்குள்தான் வேலை. ஸ்க்ரூ குதித்தாலும் துணியில் நிற்கும். கழற்றியதை ஒரு பாட்டில் மூடியில் போடுவேன்.

வாயில் வைக்கவே மாட்டேன். முன்பு வைப்பேன். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது உதடுதான் மூன்றாவது கை. ஒரு நாள் கடிகாரத்தின் பின்மூடி ஸ்க்ரூவை உதட்டில் இடுக்கியிருந்தபோது தும்மல் வந்தது. நல்ல வேளை, வயிற்றுக்குப் போனது. எக்ஸ்ரேயில் பொட்டு மாதிரி தெரிந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்தது, அதை உறுதி செய்துகொண்ட விதத்தை விட்டுவிடுவோம். மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தால் வேறு கதை. வலது பக்கக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் இப்படிப்பட்ட சாமான் அங்கேதான் போய் விழும் என்று அன்றைக்கு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஸ்க்ரூ உள்ளே போனதும் இருமல் பிடித்துக்கொண்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதில் வேப் ஸ்க்ரூவுக்குக் கூடுதல் பெருமை, அதன் மேல் நிக்கோட்டின் ஜூஸும் ஒட்டியிருக்கும்.

கம்பியின் காலை வெட்டுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. நகவெட்டியால் வெட்டினால் ஒரு முனை மிச்சம் நிற்கும். முனை தட்டையான கட்டர் ஒன்று வேண்டும், ஸ்க்ரூவை ஒட்டி வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மூடியை மாட்டி, கழற்றி, உள்சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் முனை தொடுகிறது. அட்டமைசரின் உடம்பு முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் கால் அதைத் தொடுவது ஷார்ட் சர்க்யூட். வெட்டித் தெறித்த துண்டையும் தேடி எடுத்துவிடுங்கள், அது டெக்கின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பஞ்சு வைக்குமுன் குறைந்த வாட்டில் விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். காயில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிவக்க வேண்டும். கால்தான் முதலில் சிவக்கிறது என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள், காயிலைத் திட்டாதீர்கள். சூட்டில் காயிலை நெருக்கப் பீங்கான் முனை இடுக்கி மட்டும். இரும்பு இடுக்கியை உள்ளே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டைட்டானியம் கம்பியைச் சிவக்கவே விடக் கூடாது.

ஓம் பார்க்க வீட்டு மல்டிமீட்டரை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள், அதுவே 0.2 அல்லது 0.3 காட்டும். அதைக் கழித்துக்கொள்ளாமல் 0.4 ஓம் காயிலை அளப்பது, கல்லைத் தராசுத் தட்டிலேயே விட்டுவிட்டுப் பொன் நிறுப்பது மாதிரி.

இத்தனையும் சிப் உள்ள மோடுக்கு. ஷார்ட் ஆனால் அது திரையில் எச்சரித்துவிட்டு நின்றுவிடும். சிப் இல்லாத மெக்கானிக்கல் மோடு என்பது பேட்டரி, பட்டன், ஒரு குழாய், அவ்வளவுதான். தடுக்க ஆள் கிடையாது. முழுக்கச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட். 0.4 ஓமில் 10.5 ஆம்பியர். 0.2 என்றால் 21. 0.1 என்றால் 42. வேப்பில் போடும் 18650 அளவு பேட்டரியில் நல்ல ரகங்களே பெரும்பாலும் தொடர்ந்து 15, 20 ஆம்பியர்தான் தரும். உறையில் 40 என்று அச்சடித்திருப்பதை நம்பி 0.1 கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேட்டரியின் உடம்பு முழுக்க நெகட்டிவ் என்பதும், மேலே சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் காவல் என்பதும் பலருக்குத் தெரியாது. உறை கிழிந்தால் மாற்றுங்கள், செலவு சில சென்தான். பேட்டரி நேரே அட்டமைசரைத் தொடும் ஹைப்ரிட் மோடு என்றால், 510 பின் (அட்டமைசரின் அடியில் நடுவே இருக்கும் பாசிட்டிவ் முனை) துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். பின் உள்ளே அமுங்கியிருந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் மரையின் ஓரத்தில் உட்காரும், அது நேரடி ஷார்ட். 2018 மே மாதம் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலும் வேப் கருவி வெடித்து ஊருக்கொருவர் இறந்தார்கள். பேட்டரியைச் சாவி, சில்லறையோடு கால்சட்டைப் பையில் போட்டுத் தொடையைச் சுட்டுக்கொண்டவர்கள் அதைவிட நிறைய. ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசை தடவாதீர்கள், பேட்டரி கசிந்து சுட்டது என்று மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவும் பேட்டரியும் சரியாக இருந்துவிட்டால் வேப் பாதுகாப்பானது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 56 பேர் தினமும் பயன்படுத்திய கருவிகளின் ஆவியைச் சோதித்தபோது ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் கிடைத்தன. காயிலைத் தொட்ட பிறகு ஜூஸில் உலோகம் கூடியிருந்தது. இந்தியாவில் படிப்பவர்களுக்கு: அங்கே 2019 முதல் விற்பனை, இறக்குமதி, சேமித்துவைப்பது எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஜொகூர் பாலத்தைக் கடக்கும் தம்பிகள் கவனிக்கவும். மலேசியாவில் 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது.

தம்பியின் டெக்கை மூன்று நாள் வைத்திருந்தேன். தேய்ந்த ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுக்க வேண்டியிருந்தது. இன்சுலேட்டரையும் மாற்றினேன். காயிலை அவனையே என் முன்னால் கட்டச் சொன்னேன். 'டிக்' வரும் இடத்தை அவன் விரல் கண்டுபிடிக்க ஐந்தாறு தடவை ஆயிற்று. பிறகு பட்டனைத் தொட்டான். 0.41. மறுபடி, 0.41. பத்துத் தடவை அழுத்தினான், எண் அசையவில்லை.

"இதுக்கா அண்ணே நாலு பாட்டில் ஜூஸ் மாத்தினேன்?" என்றான். பழைய ஸ்க்ரூவை ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டான். பாட்டில் மூடியோடு கொடுத்தேன். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாற்றுப் பேட்டரியைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். சாவிக்கொத்தும் கூடவே வந்தது.

"டப்பா இருக்காண்ணே?"