முதுகுக்கும் பாறைக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர்

போன மாதம் துரஹள்ளிக் காட்டில் என் அக்கா மகன் சைக்கிளோடு மல்லாந்து விழுந்தான். பெங்களூருவின் தெற்கே கனகபுரா சாலைப் பக்கம் இருக்கிற காடு அது. செம்மண் பாதையில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று வழுவழுப்பான பாறை வரும், மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் முதுகுத்தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி நீளமாகக் கன்றிப்போயிருந்தது. பாறை பட்ட காயம் இல்லை அது. முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைக்குள் செங்குத்தாகச் செருகி வைத்திருந்த, டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப் அப்படியே முதுகில் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் முதுகுக் காப்பு உள்ளேயே வைத்துத் தைத்த ஹைட்ரேஷன் பேக் ஒன்றை, அதாவது குழாயால் உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்ப் பையை வாங்கினான். காப்பை வெளியே உருவிக் காட்டி, "மாமா, வளைச்சா வளையுது, அமுக்கினா அமுங்குது. இந்த ஸ்பாஞ்சா என்னைக் காப்பாத்தப் போகுது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. காப்பாற்றும், ஒரு வகை அடியிலிருந்து மட்டும்.

அல்சூரில் எங்கள் தெருவில் வீடு கட்டும்போது கீழே நிற்பவர் செங்கல்லை மேலே வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். அவர் கையைக் கவனித்துப் பாருங்கள், கல் வந்து தொட்டதும் கை அதோடு சேர்ந்தே கொஞ்சம் போகும், விறைத்து நிற்காது. கல்லின் ஆற்றல் மாறுவதில்லை, அது நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம்தான் மாறுகிறது. ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி விசை. 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் சுமார் 50 ஜூல். அது 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் விசை 10 கிலோநியூட்டன், 20 மில்லிமீட்டரில் நின்றால் 2.5 கிலோநியூட்டன்தான். இதெல்லாம் சராசரிக் கணக்கு, நிஜத்தில் உச்ச விசை இதைவிட அதிகமாக இருக்கும். அந்தக் காப்பு நமக்கு வாங்கித் தருவது இந்தச் சில மில்லிமீட்டர்களைத்தான்.

அப்படியானால் சாதாரண மெத்தை நுரையையே வைத்துத் தைத்துவிடலாமே என்று தோன்றும். அது ரொம்பச் சுலபமாக அமுங்கிவிடும், தூரம் எல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில் முதுகு பாறையிலேயே மோதும். கெட்டி பிளாஸ்டிக்கை வைத்தால் விசையை அகலமாகப் பரப்பும், ஆனால் தன் பங்குக்குக் குறைவாகவே அமுங்கும், பெடல் மிதிக்கும்போது முதுகோடு சேர்ந்து வளையவும் செய்யாது. மெதுவாக வளைத்தால் வளைந்து கொடுக்க வேண்டும், வேகமாக அடித்தால் எதிர்த்து நிற்கவும் வேண்டும்.

சமையலறையில் இருக்கிற சோள மாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கரைத்துப் பாருங்கள். விரலை மெதுவாக விட்டால் இறங்கும், முஷ்டியால் குத்தினால் கல் மாதிரி நிற்கும். காப்புக்குள் சோள மாவு இல்லை, ஆனால் அங்கேயும் நேரம்தான் விஷயம். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி நழுவுவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். மெதுவாக வளைத்தால் அந்த நேரம் கிடைக்கிறது, பொருள் மென்மையாக இருக்கிறது. சில மில்லிவினாடிகளில் அடி விழுந்தால் நழுவ நேரமில்லை, சங்கிலிகள் சிக்கி நிற்கின்றன, அந்தப் பகுதி முழுவதும் விறைத்து விசையைப் பக்கவாட்டில் பரப்புகிறது, ஆற்றலில் ஒரு பங்கு உள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. அடி முடிந்ததும் மறுபடி பழைய மென்மை. 1999-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் பால்மர் தொடங்கிய டி3ஓ நிறுவனத்தின் காப்பு இப்படித்தான் வேலை செய்கிறது, அதன் ஆரம்பச் சரக்கு போரான் சேர்ந்த ஒரு சிலிக்கோன். ஜெர்மனியின் சாஸ்-டெக் நிறுவனம் பாலியூரிதேன் நுரையை வைத்தே இதைச் செய்கிறது. கோராய்ட் என்ற காப்பு வேறு வழி. ஸ்ட்ரா மாதிரி மெல்லிய குழல்களை நெருக்கமாக ஒட்டி அடுக்கியிருப்பார்கள், அடி பட்டால் குழல்கள் நொறுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். நொறுங்கிய இடம் திரும்ப எழாது. அதனால் இந்த வகையில் பலமாக ஒருமுறை விழுந்துவிட்டால் காப்பை மாற்றிவிட வேண்டும்.

நுரை வகைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, வெப்பநிலை. குளிரில் விறைக்கும், வெயிலில் தொளதொளவென்று ஆகும். பெங்களூரு வானிலையில் பெரிதாகத் தெரியாது, மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பையைப் போட்டுவிட்டு வருபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

வாங்கும்போது நான் முதலில் தேடுவது காப்பின் மேல் இருக்கும் இஎன் 1621-2 என்ற முத்திரையை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் முதுகுக் காப்புக்காக ஐரோப்பாவில் எழுதிய தரம் அது, மேலே சொன்ன அதே 50 ஜூல் அடிதான் சோதனை. காப்பைத் தாண்டி அந்தப் பக்கம் வருகிற விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 9-க்குள் இருந்தால் லெவல் 2. ஒன்பதே சுமார் 900 கிலோ எடைக்குச் சமம், கண் இமைப்பதற்குள் வந்து போகிறது என்றாலும். அதனால் லெவல் 2 போட்டிருக்கிறோம், எதுவும் ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டி+ என்று போட்டிருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை நேரடி அடியால் வருவதில்லை. தலைகுப்புற விழுந்தோ, இடுப்பில் பலமாக உட்கார்ந்தோ, முதுகு அளவுக்கு மேல் மடங்கியோ முறுக்கியோ எலும்புகள் நசுங்குவதால் வருகின்றன. பையில் இருக்கிற காப்பு அதைத் தடுக்காது, கழுத்துக்கும் அது எதுவும் செய்யாது. கல்லின் முனை, மரவேர், சைக்கிளின் ஹேண்டில்பார், அப்புறம் நாமே பையில் வைத்த சாமான், இவை குத்துவதைத்தான் அது தடுக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். 1988-ல் டெக்சாஸில் கொளுத்துகிற வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயம் ஓட்டிய மைக்கேல் ஐட்சன், அவசர மருத்துவ உதவி வேலையில் இருந்தவர், டிரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான சாக்ஸுக்குள் போட்டு, சட்டையின் முதுகில் மாட்டிக்கொண்டார். கேமல்பேக் என்ற ஹைட்ரேஷன் பேக் பிறந்தது அங்கேதான். குழாயை உறிஞ்சினால் வாயில் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அந்த மெத்தென்ற பையை அமுக்கித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பை சுருங்கிக்கொண்டே போவதால் உள்ளே காற்று நுழையத் தேவையே இல்லை. நிரப்பி மூடியதும் பையைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், பாதையில் களக் களக் என்று ஆடாது.

முதுகில் ஒட்டிய பைக்கு ஒரு விலை உண்டு. மண்பானையைச் சுற்றிப் பாலித்தீன் கவரைக் கட்டினால் தண்ணீர் குளிருமா? ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். பைக்கு அடியில் வழிகிற வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, அது வீண். காப்பில் ஓட்டைகளும் காற்று போகிற வாய்க்கால்களும் வைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் நிறைந்த பையே மெத்தைதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை, அடியைப் பரப்பும். ஆனால் அது நாம் குடித்துத் தீர்க்கிற மெத்தை. கடைசி இறக்கத்தில், கை கால் ஓய்ந்து, கவனம் சிதறி, விழ வாய்ப்பு அதிகமாக இருக்கிற நேரத்தில் பை காலியாக இருக்கும். நம்ப வேண்டியது காப்பைத்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, நெஞ்சுப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் கட்டாயம் இறுக்க வேண்டும், இல்லையென்றால் விழும்போது பை தோளுக்கு ஏறிவிடும். அடுக்குகிற வரிசையும் முக்கியம், முதுகை ஒட்டிக் காப்பு, அடுத்தது தண்ணீர், கருவிகள் வெளிப்பக்கம், கனமானது கீழே.

அக்கா மகன் இப்போது கைப்பம்பைப் பையில் வைப்பதே இல்லை. சைக்கிள் ஃப்ரேமில், பாட்டில் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு வைத்திருக்கிறான்.