ஆயில் கூடினால்தான் பயப்பட வேண்டும்

ஒன்ராறியோவில் மே மாதம் புல் தலைகாட்டியதும் எங்கள் பட்டறை வாசலில் ரைடிங் மோவர்கள், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகள், வரிசை கட்டிவிடும். எல்லாம் ஆறு மாதம் கொட்டகையில் தூங்கிய வண்டிகள். நகரத்தை விட்டுத் தள்ளி அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் வீடு வாங்கிய நம்மவர்களும் இப்போது நிறைய வருகிறார்கள். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் தெரிகிறது. கூடியிருந்தால் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அப்படி ஒருவர் வந்தார். “அண்ணே, ஸ்டார்ட் பண்ணினா வெள்ளையா புகை தள்ளுது. ஆயில் பாத்தேன், நிறையவே இருக்கு” என்றார். அந்த ‘நிறையவே’தான் நோய். ஒற்றை சிலிண்டர் என்ஜின், கொள்ளளவு சுமார் 1.4 லிட்டர். டிப்ஸ்டிக்கில் முழு அளவுக் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது. வடித்தபோது இரண்டரை லிட்டர் வந்தது. கூடுதலாக ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். உண்மைதான். ஊற்றியது கார்புரேட்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்.

டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாலே பெட்ரோல் வாடை தெரியும். ஜலதோஷம் பிடித்திருந்தால் டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல ஆயில் தடித்து ஒரு இடத்தில் நிற்கும். பெட்ரோல் கலந்தது நடுவில் கறுப்புப் பொட்டை விட்டுவிட்டு, வெளிறிய ஈர வளையமாகச் சரசரவென்று பரவும். பற்றவைத்துப் பார்க்கும் புத்திசாலிகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் ஃபுளோட் மேலே எழும்பி, நீடில் வால்வை அழுத்தி வழியை மூட வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மிதவையின் அதே வேலை. பழைய பெட்ரோலின் பிசுக்கோ ஒரு துணுக்குத் தூசியோ நீடிலில் ஒட்டினால் வழி மூடாது. டாங்க் உயரத்தில் இருக்கும் வண்டிகளில் இரவு முழுக்கப் பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இடுக்கு வழியாக ஆயிலோடு கலந்துவிடும். “கார்புரேட்டர் அடியில் சோலனாய்டு இருக்கிறதே, அது தடுக்காதா?” என்று கேட்பார்கள். அது மின்சாரத்தில் இயங்கும் அடைப்பு; என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் முக்கியத் துளையான மெயின் ஜெட்டை மட்டுமே அடைக்கும். கிண்ணம் நிரம்பி வழிவதற்கு அது பொறுப்பில்லை. பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியானால் பம்பினுள் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வண்டிக்கு ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். புகை நின்றது, அவருக்கும் சந்தோஷம். இரண்டு வாரத்தில் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இந்தச் சிறு என்ஜின்கள் பலவற்றில் அலுமினிய ராடு தனி பேரிங் இல்லாமல் நேராகக் கிராங்க்கின் மேலேயே ஓடுகிறது. நடுவே இருப்பது ஆயில் படலம் மட்டும்தான். பெட்ரோல் கலந்தால் அந்தப் படலம் போச்சு. அந்த வண்டிக்கான பாதிச் செலவு என் கையை விட்டுப் போனது.

அதனால் ஆயில் ஏறியிருப்பதைக் கண்டால் சாவியைத் திருப்பாதீர்கள். பெட்ரோல் குழாயை அடைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரைத் தள்ளி எர்த் செய்துவிட்டு என்ஜினைச் சுற்றவிடுங்கள். சிலிண்டரில் தேங்கிய பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். எதிரே நிற்கக் கூடாது, பக்கத்தில் நெருப்பும் கூடாது. அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புது நீடில் போடுங்கள். ஃபுளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்; உள்ளே சலசலத்தால் அதுவும் ஓட்டை. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயிலை அளவாக ஊற்றுங்கள். ஒரு இரவு பெட்ரோலைத் திறந்தே வைத்து, காலையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கோடு நகரவில்லை என்றால் வேலை சரி. குழாயில் சின்னதாக ஒரு அடைப்பு வால்வும் மாட்டிவிட்டால், சமையல் முடிந்து கேஸ் ரெகுலேட்டரை மூடுவது போல வெட்டி முடித்ததும் மூடிவிடலாம்.

வாடையே இல்லாமல் அளவு மட்டும் கூடியிருந்தால் யாரோ அதிகம் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சமதரையில், என்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகி வைத்துப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். கையேட்டைப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அளவு குறைந்துகொண்டே வந்து, ஏர் ஃபில்டரும் ஆயிலில் நனைந்திருந்தால் எனக்கு முதல் சந்தேகம் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் மேல்தான். பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி, டிப்ஸ்டிக் குழாயில் காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்கும். அந்தச் சத்தம் தேய்ந்த ரிங்காலும் வரும் என்பதால், ஹெட்டைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கூடவே விசிறி மூடியைக் கழற்றிப் பாருங்கள். குளிர்விக்கும் துடுப்புகளுக்கு இடையே எலி கூடு கட்டிய மாதிரி காய்ந்த புல் அடைத்திருந்தால், எந்த ஆயில் ஊற்றினாலும் எரிந்துதான் போகும்.

வடித்த ஆயிலில் பெட்ரோல் இருப்பதால் அதை மற்றப் பழைய ஆயில் டப்பாவில் கலக்காதீர்கள். தனி டப்பாவில் ஊற்றி, மேலே ‘பெட்ரோல் கலந்தது’ என்று எழுதி ஒட்டி, ஊராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.